நாகை மொட்டை மாடியிலிருந்து தொலைதூரக் கப்பல் சிக்னல்களைப் பிடிப்பது எப்படி?

விஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) அலைவரிசையில் தொலைதூர சிக்னல்களைப் பிடித்துப் பழக விரும்புபவர்கள், கப்பல்கள் தாமாகவே அனுப்பும் ஏஐஎஸ் (தானியங்கி அடையாள முறை) சிக்னலிலிருந்து தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. கப்பல் இருக்கும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அந்தச் செய்திக்குள்ளேயே வந்துவிடுவதால், சிக்னல் எத்தனை கிலோமீட்டர் கடந்து வந்தது என்று ஊகிக்க வேண்டிய தேவை எழுவதில்லை. பெரிய கப்பல்களின் கருவி 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டிலும் மாறி மாறி 12.5 வாட் திறனில் அனுப்புகிறது. கப்பல் ஓடிக்கொண்டிருந்தால் 2 முதல் 10 வினாடிகளுக்கு ஒருமுறையும், நங்கூரமிட்டு நின்றால் 3 நிமிடங்களுக்கு ஒருமுறையும் தன் இருப்பிடத்தைத் தெரிவிக்கும்.

ரிசீவர் வாங்குவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதை வைத்திருப்பது தொடர்பான நடப்பு விதிகளைத் தொலைத்தொடர்புத் துறையிடம் கேட்டுத் தெளிவது முதல் வேலை. பிறருடைய பேச்சை ஒட்டுக்கேட்பது வேறு விஷயம். அதன் பக்கமே போக வேண்டாம். கடலோர ஊரில் மாடிமேல் புதிதாக ஆண்டெனா ஏறினால் காவல் துறையினர் வந்து விசாரிப்பதும் இயல்புதான்.

எவ்வளவு தூரம் எதிர்பார்க்கலாம்?

இரு ஆண்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கூட்டி, 4.12 ஆல் பெருக்கினால் சாதாரண நாளில் எட்டக்கூடிய தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். உங்கள் ஆண்டெனா 9 மீட்டரிலும் கப்பலின் ஆண்டெனா 30 மீட்டரிலும் இருந்தால் விடை சுமார் 35 கிலோமீட்டர். கொடைக்கானல் பண்பலை, ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தஞ்சாவூரில் கேட்பதற்கும் இதே கணக்குதான் காரணம். அந்த மலையின் உயரம் 2,000 மீட்டருக்கு மேல். பாக் நீரிணை ஆழமற்றது என்பதால் பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. ஆகவே, சாதாரண நாளில் திரையில் தெரிபவை பெரும்பாலும் காரைக்கால் துறைமுகத்திற்கு வந்து போகும் கப்பல்களாகவே இருக்கும்.

ஆண்டெனா

இதில்தான் பொறுமை வேண்டும். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய தடித்த செம்புக் கம்பியில் 44 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு துண்டுகளை வெட்டி, ஒன்று மேல்நோக்கியும் மற்றொன்று கீழ்நோக்கியும் நிற்குமாறு ஒரு பிவிசி பைப்பில் கட்டிக்கொள்ளுங்கள். நடுவில் விரலளவு இடைவெளி விட்டு, டிவி கேபிளின் உள்கம்பியை மேல் துண்டிலும், வெளிப்பின்னலைக் கீழ்த் துண்டிலும் இணைக்க வேண்டும். கேபிளைக் கம்பியை ஒட்டியே கீழே இறக்காமல், அரை மீட்டராவது பக்கவாட்டில் இழுத்துச் சென்ற பிறகு இறக்க வேண்டும். இல்லையென்றால் கேபிளும் ஆண்டெனாவின் பகுதியாகி, சிக்னல் வரும் திசைகளைக் குலைத்துவிடும். இரும்புக் குழாயும் அதே கெடுதலைச் செய்யும் என்பதால் ஆண்டெனாவை உயர்த்தி நிறுத்த மூங்கில் கழியே மேல். உப்புக்காற்று இணைப்புகளை விரைவில் அரித்துவிடும். கேபிளின் முனையில் நீர் புகாதபடி ரப்பர் டேப்பை இறுகச் சுற்றுங்கள். ஆர்ஜி-6 என்னும் வழக்கமான டிவி கேபிள் 10 மீட்டர் ஓடினாலும் இழப்பு 1 டெசிபெலுக்கும் குறைவுதான். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி கேட்டவுடன் கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுவது நல்லது.

ரிசீவரும் மென்பொருளும்

கணினியில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்னும் யுஎஸ்பி டாங்கிள் போதுமானது. டிவி பார்ப்பதற்காக வந்த இந்தக் கருவியைப் பொது ரிசீவராகவும் பயன்படுத்தலாம் என்பது 2012இல் பரவலாகத் தெரியவந்தது. முதலில் எஸ்டிஆர்ஷார்ப் போன்ற மென்பொருளில் 162 மெகாஹெர்ட்ஸுக்குச் சென்று பாருங்கள். இரண்டு அலைவரிசைகளிலும் கண்ணிமைக்கும் நேரச் சிறு கீற்றுகள் தோன்றினால் ஆண்டெனா வேலை செய்கிறது. ஒரு கீற்றின் நீளம் சுமார் 27 மில்லி வினாடிதான். பிறகு அந்த மென்பொருளை மூடிவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் ஏஐஎஸ்-கேட்சர் என்ற மென்பொருளை இயக்கினால் கப்பல்கள் வரைபடத்திலேயே தெரியும். கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) உச்சத்தில் வைப்பது பலன் தராது. பின்னணி இரைச்சல் ஏறத் தொடங்கும் இடத்திற்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். மலிவான எல்இடி பல்புகளும் இன்வெர்ட்டரும் இரைச்சலைக் கூட்டுகின்றனவா என்று ஒவ்வொன்றாக அணைத்துச் சோதிக்கலாம்.

தூரம் நீளும் நாள்கள்

கடலை ஒட்டிய ஈரக்காற்றின் மேல் வெப்பமான வறண்ட காற்று படியும்போது, அலைகள் மேலே தப்பிவிடாமல் வளைந்து, கடல்மட்டத்தை ஒட்டியே நெடுந்தூரம் ஓடும். இந்த நிலை அமைந்தால் 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கப்பல்களும் திரைக்கு வரக்கூடும். காற்றடங்கிய, மேகமற்ற இரவுகளையும் விடியற்காலையையும் தவறவிடாதீர்கள். டெல்டாக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. இந்திய வானிலை ஆய்வுத் துறை காரைக்காலில் பறக்கவிடும் வானிலைப் பலூனின் அளவீடுகள், 43346 என்ற நிலைய எண்ணில் வயோமிங் பல்கலைக்கழக இணையதளத்தில் கிடைக்கின்றன. அட்டவணையின் முதல் சில நூறு மீட்டர்களில், உயரம் கூடும்போது வெப்பம் குறையாமல் ஏறி, பனிநிலை வெப்பம் (காற்றின் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) மட்டும் சட்டென்று சரிந்திருந்தால், அன்று ரிசீவரை ஓடவிட்டுக் காத்திருக்கலாம்.

தொலைவில் ஒரே ஒரு கப்பல் தெரிந்ததும் மகிழ்ந்துவிட வேண்டாம். அதன் ஜிபிஎஸ் பழுதாகவும் இருக்கலாம். அட்சரேகை 91, தீர்க்கரேகை 181 என்று வந்தால் இருப்பிடம் கிடைக்கவில்லை என்பதே பொருள். அதே திசையில் வேறு கப்பல்களும் தெரிகின்றனவா என்று பாருங்கள். அதைவிட உறுதியான சான்று, 00 என்று தொடங்கும் அடையாள எண்ணுடன் கரையிலிருந்து அனுப்பும் நிலையங்கள். அவை இடம் மாறுவதில்லை. 00419 என்றால் இந்தியா, 00417 என்றால் இலங்கை. தேதி, நேரம், கப்பல் அல்லது கரை நிலையத்தின் அடையாள எண், தூரம், அன்றைய பலூன் அளவீடு ஆகிய ஐந்தையும் ஒரே வரியில் குறித்து வாருங்கள்.