லீஸ் பர்ச்சேஸ்ல ட்ரக் எடுக்கலாமான்னு யோசிக்கிற புது டிரைவருக்கு

அமெரிக்காவுல கனரக வண்டி ஓட்டுற லைசென்ஸ், சிடிஎல், கைக்கு வந்து மூணு மாசம் கூட ஆகியிருக்காது, அதுக்குள்ள ரிக்ரூட்டர் போன் பண்ணி டவுன் பேமென்ட் வேணாம், கிரெடிட் செக் கிடையாது, வாரா வாரம் செட்டில்மெண்ட்ல, அதாவது உங்க வரவு செலவுக் கணக்குல புடிச்சுக்கிறோம், மூணு வருஷத்துல வண்டி உங்களுதுன்னு சொல்லுவாங்க. இதுதான் லீஸ் பர்ச்சேஸ். எனக்கும் அப்படித்தான் வந்துச்சு. ஓரியண்டேஷன் மூணாவது நாள் மத்தியானம் யார்டுக்கு கூட்டிட்டுப் போய், கழுவித் தொடைச்சு நிப்பாட்டியிருந்த ஒரு வண்டில ஏறி உக்கார வச்சாங்க. ஓடோமீட்டர்ல 4,80,000 மைல்னு பளிச்சுனு தெரிஞ்சுது, அதைப் பாத்தும் எனக்கு ஒண்ணும் உறைக்கல, ஸ்டியரிங் மேல கை வச்சதுமே மனசு வண்டியோட போயிடுச்சு. சாயங்காலம் ஒரு கட்டுப் பேப்பர், கையெழுத்துப் போட வேண்டிய இடத்துல எல்லாம் மஞ்சள் ஸ்டிக்கர். படிக்காமலே போட்டேன். பதினாலு மாசம் கழிச்சு வண்டிய திருப்பிக் குடுத்துட்டேன், கட்டின பணத்துல ஒரு டாலர் கூட திரும்ப வரல. இன்னொருத்தர் அந்த நிலைக்கு வரக்கூடாதுன்னுதான் இவ்வளவு விரிவா எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, நீங்க போடுறது ஒரு ஒப்பந்தம் இல்ல, ரெண்டு. ஒண்ணு வண்டிய உங்களுக்கு வாடகைக்கு விடுற லீஸ். இன்னொண்ணு அதே வண்டியோட நீங்க அந்த கேரியருக்கு, அதாவது லோடு குடுக்குற ட்ரக் கம்பெனிக்கு, இன்டிபென்டென்ட் கான்ட்ராக்டரா ஓட்டுறதுக்கான அக்ரிமென்ட். வங்கில கடன் வாங்கி வண்டி எடுத்தா லோடு சரியில்லேன்னா வேற கேரியர்கிட்ட போகலாம், வங்கிக்கு தவணை வந்தா போதும். இங்க பெரும்பாலும் அது முடியாது, ரெண்டாவது அக்ரிமென்ட் முறிஞ்சா முதலாவதும் முறியுற மாதிரி எழுதியிருப்பாங்க. தவணை வாங்குறவரும் லோடு குடுக்குறவரும் ஒரே ஆள். லோடு பிரிச்சுக் குடுக்குற டிஸ்பாட்ச் ரெண்டு வாரம் மைல் கம்மியா குடுத்தா நீங்க கடன்காரர் ஆயிடுவீங்க, அதுக்கு உங்க மேல எந்தத் தப்பும் இருக்கவேண்டியதில்ல. மத்த கணக்கு எல்லாத்தையும் இத மனசுல வச்சுக்கிட்டே பாருங்க.

அடுத்து கணக்கு. ரிக்ரூட்டர் சொல்றது நல்ல வாரத்தோட மொத்த வரவு, நீங்க கேக்க வேண்டியது கைக்கு வர்ற பணம். ஒரு உதாரணம் போடுறேன், நம்பர் எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க ஆஃபர்ல இருக்குற நம்பரை இதே மாதிரி போட்டுப் பாருங்க. வாரத்துக்கு 2,400 மைல் ஓடுறீங்க, அதுல 250 மைல் டெட்ஹெட், லோடு இல்லாம காலியா ஓடுறது, அதுக்கு காசு கிடையாது. லோடு மைலுக்கு 1.15 டாலர், கூட டீசல் செலவுக்குன்னு தர்ற ஃபியூயல் சர்சார்ஜ் 40 சென்ட், அப்போ 2,150 மைலுக்கு கிட்டத்தட்ட 3,330 டாலர் வருது. இப்போ செலவு. கேலனுக்கு 6.5 மைல் குடுக்குற வண்டின்னா 369 கேலன், 3.80 டாலர் வீதம் 1,400. வண்டி தவணை 850. வண்டி சேதத்துக்கு ஃபிசிகல் டேமேஜ், ட்ரெய்லர் இல்லாம ஓட்டும்போது பாப்டெயில், உங்க காயத்துக்கு ஆக்குபேஷனல் ஆக்சிடென்ட்னு இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து 150. மெயின்டெனன்ஸ் எஸ்க்ரோ, ரிப்பேருக்குன்னு அவங்க புடிச்சு வைக்கிற காசு, மைலுக்கு 10 சென்ட், 240. நம்பர் பிளேட்டு, ஓட்டுற நேரத்தைப் பதியுற ஈஎல்டி கருவி, இதர பிடித்தம் 60. மிச்சம் 630 டாலர். அதுவும் வரி கட்டாத பணம். கான்ட்ராக்டருக்கான 1099 ஃபார்ம்ல வர்றதால செல்ஃப் எம்ப்ளாய்மெண்ட் டேக்ஸ் 15.3 சதவீதம் நீங்களே கட்டணும், ஏப்ரல், ஜூன், செப்டம்பர், அடுத்த ஜனவரின்னு நாலு தடவை எஸ்டிமேட்டட் டேக்ஸ், அதுக்கு மேல வருமான வரி வேற. அதே 2,400 மைலை கம்பெனி டிரைவரா மைலுக்கு 55 சென்ட்ல ஓட்டியிருந்தா 1,320 டாலர், டீசலும் டயரும் அவங்க பாடு. ரோட்டுல தங்குற நாளுக்கு சாப்பாட்டுச் செலவா பெர் டியம் கழிச்சுக்கலாமேன்னு சொல்லுவாங்க, உண்மைதான், 1099 ஆளுக்கு 80 டாலர் வரைக்கும் ஒரு நாளைக்கு, அதுல 80 சதவீதம் கழிக்கலாம், ஆனா அது வரியக் கொஞ்சம் குறைக்குமே தவிர நடுவுல இருக்குற 700 டாலர் பள்ளத்தை நிரப்பாது.

இது நல்ல வாரம். மோசமான வாரத்தையும் கட்டாயம் போட்டுப் பாருங்க. எனக்கு ஒரு பிப்ரவரில வயோமிங்ல ஐ-80 ஹைவேய மூடிட்டாங்க, காத்தும் பனியும், லாரமில ரெண்டு நாள் நின்னேன், கெளம்பி நெப்ராஸ்கா தாண்டுறதுக்குள்ள டிபிஎஃப், அதாவது புகைக் கரியைப் பிடிக்கிற ஃபில்டரோட லைட் எரிஞ்சு, வண்டி டீரேட் ஆகி, பவர் தானா குறைஞ்சு, ஷாப்ல ரெண்டு நாள். அந்த வாரம் ஓடினது 900 மைல், காசு வந்தது 800 மைலுக்கு. மேல சொன்ன அதே ரேட்ல அது 1,240 டாலர். டீசல் 526, எஸ்க்ரோ 90, ஆனா தவணையும் இன்சூரன்ஸும் பிளேட்டும் முழுசா 1,060, வண்டி ஓடினாலும் நின்னாலும் அது மாறாது. செட்டில்மெண்ட் பேப்பர் கடைசி வரில மைனஸ் 436. ட்ரக் ஸ்டாப் பார்க்கிங்ல வண்டிக்குள்ள இருக்குற படுக்கைல உக்காந்துட்டு போன்ல அந்த மைனஸ் குறிய ரெண்டு மூணு தடவ பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்தேன், ஏதோ தப்பா வந்திருக்குன்னு நெனச்சேன். தப்பு இல்ல. அந்த 436 அடுத்த வாரத்துல கழிஞ்சுது, ஷாப் பில் எஸ்க்ரோவ தாண்டிப் போனதால அதுவும் நாலு வாரம் தவணையா கழிஞ்சுது. வீட்டுக்கு வாடகை அனுப்புறதுக்கு அண்ணன்கிட்ட கடன் வாங்கினேன்.

அதனால கையில குறைஞ்சது மூணு மாச வீட்டுச் செலவும், அதுக்கு மேல ரிப்பேருக்குன்னு தனியா ஒரு தொகையும் இல்லேன்னா இந்தப் பக்கமே வராதீங்க. இஞ்சின் இன்ஃப்ரேம், அதாவது இஞ்சினை வண்டில வச்சே பிரிச்சு புதுசாக்குற வேலை, பண்ண வேண்டி வந்தா இருபதாயிரம் டாலரை சுலபமா தாண்டும்.

வண்டிய பத்தி. ஓடோமீட்டர் மட்டும் பாத்தா போதாது, இஞ்சின் கம்ப்யூட்டரான இசிஎம்மோட டவுன்லோட் கேளுங்க, ஃபால்ட் கோடு, நின்னபடியே இஞ்சின் ஓடின ஐடில் நேரம் எல்லாம் அதுல வரும். ஆயில் சாம்பிள் எடுத்து லேப்க்கு அனுப்புறது மலிவுதான், ஆயில்ல கூலன்ட் கலந்திருக்கா, உலோகத் துகள் எவ்வளவுன்னு தெரிஞ்சிடும். டிபிஎஃப் கடைசியா எப்போ கழட்டி சுத்தம் பண்ணாங்க, இன்ஜெக்டர் மாத்துனாங்களா, வாரண்டி எத்தன மைல்ல முடியுதுன்னு பேப்பர்ல கேளுங்க. உங்களுக்கு முன்னாடி இதே வண்டிய எத்தன பேர் லீஸ்ல எடுத்து திருப்பிக் குடுத்தாங்கன்னும் கேளுங்க. பதில் சொல்ல மாட்டேன்னா அதுவே பதில்தான். வெளி மெக்கானிக் பாக்க விடமாட்டோம்னா எழுந்து வந்துடுங்க.

பேப்பர்ல என்ன தேடணும்? தவணை எல்லாம் சேத்து, கடைசில மொத்தமா கட்ட வேண்டிய பலூன் பேமென்ட்டையும் சேத்துக் கூட்டுங்க, அதே வருஷம் அதே மாடல் வண்டி வெளில என்ன விலைக்குப் போகுதுன்னு பக்கத்துல எழுதுங்க. வித்தியாசம் பாத்தா தூக்கம் போயிடும். அப்புறம் நடுவுல விட்டுட்டா என்ன ஆகும்? வாக் அவே, எதுவும் கட்டாம விட்டுட்டுப் போகலாம்னு வாயால சொல்றது பேப்பர்ல இருக்கா, இல்ல மீதித் தவணை மொத்தமும் கட்டணுமா? லோடு வேணாம்னு சொல்ற உரிமை இருக்கா, சொன்னா என்ன தண்டனை? ரிப்பேர் அவங்க ஷாப்லதான் பண்ணணுமா? வாரத்துக்கு இத்தன மைல் கண்டிப்பா தருவோம்னு எந்த வரிலயாவது இருக்கா? இருக்காது. இருந்தா எனக்கும் சொல்லுங்க.

ஃபெடரல் சட்டத்துல ட்ரூத் இன் லீசிங்னு ஒரு பகுதி இருக்கு, ஃபெடரல் விதித் தொகுப்புல 49 சிஎஃப்ஆர் பார்ட் 376, கேரியரோட போடுற அக்ரிமென்டுக்குப் பொருந்தும். ட்ரிப் பேப்பர் குடுத்த 15 நாளைக்குள்ள காசு வரணும், பிடித்தம் எதெல்லாம்னு, எப்படிக் கணக்குப் போடுவாங்கன்னு முன்னாடியே எழுதியிருக்கணும், சதவீதத்துல ஓட்டுறீங்கன்னா ரேட் போட்ட ஃப்ரெயிட் பில்லோட காப்பி கேட்டு வாங்கலாம், வேலைக்கு நிபந்தனையா எந்தப் பொருளையோ சேவையையோ அவங்ககிட்டயே வாங்கணும்னு கட்டாயப்படுத்தக் கூடாது, எஸ்க்ரோல இருக்குற காசுக்கு வட்டியும் கணக்கும் குடுக்கணும். ரொம்பப் பேருக்கு இது தெரியாது, எனக்கும் அப்போ தெரியாது.

இது என் ஒருத்தனோட புலம்பல்னு நெனைக்காதீங்க. 2021 இன்ஃப்ராஸ்ட்ரக்சர் சட்டத்தின் கீழ, ட்ரக் பாதுகாப்பைப் பாக்குற ஃபெடரல் அமைப்பான எஃப்எம்சிஎஸ்ஏ ஒரு ட்ரக் லீசிங் டாஸ்க் ஃபோர்ஸ் அமைச்சுது, அவங்க இந்த லீஸ் பர்ச்சேஸ் புரோகிராம்களை விசாரிச்சுட்டு 2025 ஜனவரில குடுத்த ரிப்போர்ட்ல, காங்கிரஸ் இதைத் தடை பண்ணணும்னே சொல்லிட்டாங்க. ஒழுங்குபடுத்தணும்னு சொல்லி நிறுத்திக்கல, தடைன்னே சொன்னாங்க. அதே ரிக்ரூட்டர் போன் இன்னிக்கும் வருது.

அப்போ யாருமே எடுக்கக் கூடாதான்னா, எடுத்து வண்டிய சொந்தமாக்கின ஒருத்தரை எனக்கு நேர்ல தெரியும். அவர் அஞ்சு வருஷம் கம்பெனி டிரைவரா ஓட்டுனவர், அதே கேரியர்ல, எந்த டிஸ்பாட்ச்சர் எப்படி, எந்த மாசம் ஃப்ரெயிட் படுத்துக்கும்னு தெரிஞ்சு இறங்கினவர், சின்ன ரிப்பேர் அவரே பண்ணுவார். புது டிரைவர்கிட்ட இதுல எதுவும் இருக்காது, முதல் வருஷம் வண்டிய ரிவர்ஸ் எடுக்கவும் மலை இறங்கவும், வேலை ஆரம்பிச்சா 14 மணி நேரத்துக்குள்ள ஓட்டி முடிக்கணும்ங்குற கணக்கை சமாளிக்கவும் கத்துக்கிறதுக்கே சரியாப் போயிடும். ஒரு வருஷம், முடிஞ்சா ரெண்டு வருஷம் டபிள்யூ-2ல, அதாவது சம்பளம் வாங்குற கம்பெனி டிரைவரா ஓட்டுங்க, அந்தத் தவணை 850ல பாதியாவது வாரா வாரம் தனி அக்கவுண்ட்ல போடுங்க. ரெண்டு வருஷத்துல 44,000 டாலர் சேரும், அதை வச்சு வங்கி வழியா பழைய வண்டி வாங்கினா எந்த கேரியர்கிட்ட வேணும்னாலும் கூட்டிட்டுப் போகலாம்.

ஏற்கனவே கையெழுத்துப் போட்டவங்களுக்கு: இன்னிக்கே எல்லா செட்டில்மெண்டையும் டவுன்லோட் பண்ணி வேற இடத்துல வச்சுக்கோங்க, விட்டு வந்தப்புறம் கம்பெனி போர்ட்டல் லாகின் வேலை செய்யாமப் போகலாம். வண்டிய திருப்பிக் குடுக்கும்போது உள்ள வெளிய, டயர், ஓடோமீட்டர் எல்லாம் தேதியோட வீடியோ எடுத்துக்கோங்க, யார் சாவி வாங்கினாங்கன்னு கையெழுத்து வாங்குங்க, நடுரோட்டுல விட்டுட்டு வராதீங்க, அது கேரியர்கள் வேலைக்கு எடுக்கும்போது பாக்குற டிஏசி ரிப்போர்ட்ல ஏறிட்டா அடுத்த வேலை கிடைக்கிறது கஷ்டம். லீஸ் முடிஞ்சு 45 நாளைக்குள்ள எஸ்க்ரோ மிச்சத்தைத் திருப்பித் தரணும்னு அந்த 376லயே இருக்கு, ஈமெயில்ல எழுதிக் கேளுங்க, என்னென்ன கழிச்சாங்கன்னு கணக்கும் கேளுங்க.