கிட் காருக்கு நம்பர் வாங்கும் வேலை எப்போது தொடங்குகிறது?

"அண்ணா, வண்டி ரெடி. இனி ரெஜிஸ்டர் பண்ண என்ன செய்யணும்?" என்று, பாகங்களை வாங்கித் தானே கிட் கார் கட்டிய யாராவது போன் செய்தால், வண்டியைப் பற்றி நான் ஒன்றும் கேட்பதில்லை. பாகங்கள் எடுத்த பழைய காரின் லாக்புக் (பதிவுப் புத்தகம்) எங்கே, பில்கள் எங்கே, கட்டும்போது எடுத்த போட்டோக்கள் எங்கே என்றுதான் கேட்பேன். இந்த மூன்றும் கையில் இருந்தால் மிச்சம் உழைப்புதான். இல்லையென்றால், எவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருந்தாலும் அந்த வண்டிக்கு நல்ல நம்பர் கிடைப்பது கஷ்டம்.

நான் இங்கே இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸில் பல வருஷம் டூல்ரூமில் கடைசல் வேலை பார்த்தவன். ஒரு மாஸ்டா எம்எக்ஸ்-5ஐப் பிரித்து, அதன் பாகங்களை லோட்டஸ் செவன் என்ற பழைய திறந்த ஸ்போர்ட்ஸ் காரின் வடிவத்தில் வந்த கிட் ஒன்றில் ஏற்றிக் கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதன் பிறகு நண்பர்கள் சிலரின் வண்டிகளுக்கும் கூட நின்றிருக்கிறேன். கீழே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்கு உரியது. வட அயர்லாந்தில் சோதனையை நடத்துவது வேறு துறை.

இரண்டு அலுவலகங்களைக் கடக்க வேண்டும். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்று பார்ப்பது டிவிஎஸ்ஏ. அவர்கள் செய்யும் சோதனைக்குப் பெயர் ஐவிஏ. அதில் தேறிய பிறகு, வண்டி என்ன, எதிலிருந்து வந்தது, எத்தனை வயது என்று முடிவு செய்து நம்பர் தருவது ஸ்வான்சியில் உள்ள டிவிஎல்ஏ. பழைய ஆட்கள் எஸ்விஏ என்று முந்தைய சோதனையைப் பற்றிப் பேசுவார்கள். 2009இல் கார்களுக்கு அதன் இடத்தில் ஐவிஏ வந்துவிட்டது, அதனால் எஸ்விஏ காலத்துக் குறிப்புகளை நம்பி எதையும் வெட்டாதீர்கள்.

என்ன நம்பர் வரும் என்பதைப் பழைய காரை வாங்கும் அன்றே நீங்கள் தீர்மானித்துவிடுகிறீர்கள். எல்லாப் பாகங்களும் புதிது, அதற்கு ரசீதும் உண்டு என்றால் புது வண்டிக்கான நடப்பு வருஷ நம்பர் கிடைக்கும். ஒரே ஒரு பாகம் மட்டும் பழுதுநீக்கியதாக இருக்கலாம், அதுவும் புதிதுக்குச் சமமாகச் செய்யப்பட்டது என்று காட்ட வேண்டும். எங்களைப் போல டோனர் காரிலிருந்து, அதாவது பாகங்களுக்காகப் பிரிக்கும் பழைய காரிலிருந்து, எடுத்துக் கட்டுகிறவர்கள் வேறு வகை. கிட் தயாரிப்பாளரிடம் வாங்கிய புதுச் சட்டம் (சேசிஸ்), அதோடு ஒரே டோனரிலிருந்து மாற்றமில்லாமல் எடுத்த இரண்டு பெரிய பாகங்கள் இருந்தால், டோனரின் வயதுக்கு ஏற்ற நம்பர் தருவார்கள். இது எதிலும் அடங்காத வண்டிக்கு 'க்யூ'வில் தொடங்கும் நம்பர்தான். அதை மறைக்க, விலைக்கு வாங்கும் பிரைவேட் நம்பரும் போட முடியாது, விற்கும்போதும் விலை இறங்கும்.

பெரிய பாகம் என்று அவர்கள் எண்ணுவது: முன்பின் சஸ்பென்ஷன் சேர்த்து ஒன்று, இரண்டு ஆக்சிலும் சேர்த்து ஒன்று, ஸ்டியரிங் அமைப்பு, கியர்பாக்ஸ் உள்ளிட்ட டிரான்ஸ்மிஷன், எஞ்சின். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எஞ்சினை ஒருவரிடமும் கியர்பாக்ஸை இன்னொருவரிடமும் மலிவாக வாங்கினால் கணக்கு நிற்காது, இரண்டும் ஒரே காரிலிருந்து வந்திருக்க வேண்டும். அதனால் முழுக் காராக, அதன் வி5சி லாக்புக்கோடு, உங்கள் பெயரில் வாங்குங்கள். பிரிக்கும் முன் எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுத்துவிடுங்கள். எஞ்சின் காருக்குள் இருக்கும்போது ஒன்று, வெளியே தொங்கும்போது ஒன்று, புதுச் சட்டத்தில் உட்கார்ந்த பிறகு ஒன்று. நீங்கள் கட்டியதற்கும் அதுவே சாட்சி: 'அமெச்சூர் பில்ட்' என்ற பிரிவில் விண்ணப்பிக்க, சொந்த உபயோகத்துக்காக நீங்களே கட்டினீர்கள் என்று காட்ட வேண்டும். சிறிய பொருளுக்கும் ரசீது வாங்கி ஒரே கோப்பில் வையுங்கள்.

அடுத்து ஐவிஏ. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் படிக்க நிறைய உண்டு. சோதனை கையேட்டை அரசே இலவசமாக வெளியிட்டிருக்கிறது. அதை வண்டி முடிந்த பிறகு புரட்டுவதில் அர்த்தமில்லை. டூல்ரூமில் டிராயிங் இல்லாமல் யாரும் இரும்பில் கை வைக்க மாட்டோம்; அந்தக் கையேடுதான் உங்கள் டிராயிங்.

அதிகம் பேர் மாட்டுவது கூர்முனைகளில். வண்டியின் வெளிப்புறத்தில் 100 மி.மீ. விட்டமுள்ள ஒரு பந்தை உருட்டினால் அது எங்கெல்லாம் தொடுமோ, அங்கெல்லாம் விளிம்பு குறைந்தது 2.5 மி.மீ. ஆரத்துக்கு வளைந்திருக்க வேண்டும். உள்ளே டாஷ்போர்டுப் பக்கம் 165 மி.மீ. பந்து. நான் நைலானில் 100 மி.மீ. பந்து ஒன்றைக் கடைந்து, அதில் சாக்பீஸ் பூசி, விங், ஹெட்லைட் தாங்கி, கண்ணாடிக் கம்பி, சஸ்பென்ஷன் போல்ட் என்று எல்லா இடத்திலும் தொட்டுப் பார்த்தேன். வெள்ளை ஒட்டிய இடத்தில், ஆரத்தை அளக்கும் ரேடியஸ் கேஜ் வைத்தால் சந்தேகம் தீர்ந்தது. லேத் இல்லாதவர்கள் அந்த அளவில் ஏதாவது ஒரு பந்தைத் தேடிக்கொள்ளுங்கள். தகட்டு விளிம்புக்கு ரப்பர் டிரிம், நட்டுக்குப் பிளாஸ்டிக் தொப்பி போதும், கையால் இழுத்தால் வராதபடி பிடித்திருக்க வேண்டும். சிலர் சோதனை முடிந்த மறுநாளே இவற்றைப் பிடுங்கி எறிகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். செவன் வண்டியின் முன் சக்கரமும் சஸ்பென்ஷன் கைகளும் திறந்த வெளியில் இருக்கின்றன. நடந்து போகிற ஒருவர் மீது உரசினால் அந்தத் தொப்பிதான் அவருடைய காலைக் காக்கும்.

பிரேக்கில் அவர்கள் முதலில் பார்ப்பது, பின் சக்கரம் முன் சக்கரத்துக்கு முன்பே பூட்டிக்கொள்கிறதா என்பதை. எம்எக்ஸ்-5ஐ விட எடை மிகக் குறைந்த வண்டியில் அதே பிரேக்கை மாட்டும்போது இந்தச் சமநிலை மாறிவிடும். முன்பின் விகிதத்தை மாற்றும் பயாஸ் பார் வைத்திருந்தால், சரியான இடத்தில் வைத்து, மாற்ற முடியாதபடி நிரந்தரமாகப் பூட்டிவிட வேண்டும். பிரேக் ஆயில் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கும் வேண்டும்.

ஸ்டியரிங்கைத் திருப்பி, மெதுவாக ஓட்டியபடி கையை விட்டால் சக்கரம் தானாக நேர்நிலைக்குத் திரும்ப முனைய வேண்டும். லேசான வண்டிகளில் இது சோம்பலாக இருக்கும், காஸ்டர் கோணத்தை, அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வை, கூட்டினால் சரியாகும். காலியான இடத்தில் முதலிலேயே சோதித்துப் பாருங்கள், சோதனை மையத்தில் வைத்துச் சரிசெய்யும் சமாச்சாரம் இல்லை இது. டோனரின் ஸ்டியரிங் கம்பத்தை அப்படியே பயன்படுத்தச் சொல்வேன். மோதலில் மடங்கும் அமைப்பும், திருட்டைத் தடுக்கும் பூட்டும் அதிலேயே இருக்கின்றன.

ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், ஆனால் உண்மை வேகத்தில் 10 சதவீதமும் அதற்கு மேல் 6.25 மைலும் வரைதான். 70 மைலில் போகும்போது 83.25 வரை காட்டினாலும் தேறும், 69 காட்டினால் தேறாது. ஜிபிஎஸ் வைத்து, 70க்கு 74 அளவில் காட்டும்படி அமைத்துக்கொள்ளுங்கள். சைலன்சர் சத்தம் 99 டெசிபலைத் தாண்டக் கூடாது. அதிகபட்ச சக்தி தரும் சுழற்சியில் முக்கால் பங்கில் எஞ்சினை நிறுத்தி, குழாயிலிருந்து அரை மீட்டரில், 45 டிகிரி சாய்வில் மைக் வைத்து அளப்பார்கள். 6000 சுழற்சியில் உச்சம் என்றால் 4500இல் அளவு.

புகைக்கு எந்த வரம்பு என்பது எஞ்சினின் வயதைப் பொறுத்தது. வயதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் கடுமையான வரம்பு விழும். டோனரின் லாக்புக் இங்கேயும் கைகொடுக்கிறது.

சின்ன விஷயங்கள் சில. பின் ஃபாக் விளக்கு ஒன்றுதான் என்றால் நடுவிலோ வலது பக்கமோ இருக்க வேண்டும், அது எரியும்போது டாஷில் காட்ட வேண்டும். பெட்ரோல் மூடி கழன்று விழுந்து தொலையாத மாதிரி கட்டியிருக்க வேண்டும். முன் கண்ணாடி (விண்ட்ஸ்கிரீன்) பொருத்தினால் வைப்பர், வாஷர், பனி நீக்கி எல்லாம் வரும்.

விண்ணப்பம் ஐவிஏ 1சி படிவத்தில். பதிவாகாத வண்டியாக இருந்தாலும், முன்பதிவு செய்த சோதனைக்கு ஓட்டிப் போகச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் இன்சூரன்ஸ் அவசியம். சேசிஸ் நம்பரை வைத்தே தரும் கம்பெனிகள் உண்டு. நான் எல்லோருக்கும் சொல்வது: ஐவிஏவுக்கு முன்பு பக்கத்து கராஜில் ஒரு எம்ஓடி (வழக்கமான வருடாந்திரத் தகுதிச்) சோதனை செய்துவிடுங்கள். சேசிஸ் நம்பரிலேயே செய்யலாம். பிரேக் ரோலர், ஹெட்லைட் நேர்ப்படுத்தல், புகை மூன்றும் சில பத்து பவுண்டில் தெரிந்துவிடும்.

சோதனை நாளில் பாதி நாள் போய்விடும். கருவிப்பெட்டி, டேப், கேபிள் டை, உபரி டிரிம், தொப்பிகள் கொண்டு போங்கள். சின்னக் குறையை அங்கேயே சரிசெய்ய விடும் இன்ஸ்பெக்டர்கள் உண்டு. அவர்களோடு வாதாட வேண்டாம். என்ன விதி என்று கேட்டால் கையேட்டில் பக்கத்தைக் காட்டுவார்கள். தேறாவிட்டால் காரணங்களை எழுதித் தருவார்கள், மறுசோதனையில் பெரும்பாலும் அவற்றை மட்டும் பார்ப்பார்கள்.

தேறியதும் கிடைக்கும் அப்ரூவல் சான்றிதழோடு டிவிஎல்ஏவில் கிட் வண்டிகளைக் கவனிக்கும் கே அண்ட் ஆர் பிரிவுக்கு ஒரே உறையில் எல்லாம் போகிறது. எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்று எழுதும் வி627/1 படிவம். புது வண்டியென்றால் வி55/4, பழைய பாகங்களில் கட்டியதென்றால் வி55/5. டோனரின் லாக்புக், ரசீதுகள், போட்டோக்கள், 55 பவுண்டு பதிவுக் கட்டணம், ரோட் டாக்ஸ். வி627/1இல் 'எஞ்சின்' என்று மட்டும் எழுதாமல், எந்தக் காரின் எஞ்சின், அதன் எண் என்ன, எந்த ரசீது, எந்தப் போட்டோ என்று எழுதுங்கள். போட்டோக்களின் பின்புறம் எண் போட்டு அதே எண்ணைப் படிவத்திலும் குறியுங்கள். உறையை ஒட்டும் முன் ஒவ்வொரு தாளையும் நகலெடுத்து, ரெக்கார்டட் தபாலில் அனுப்புங்கள். வண்டியை நேரில் பார்க்க ஆள் அனுப்பினாலும் அதே கோப்பைக் கையில் கொடுத்துவிடலாம்.

உங்கள் வண்டியின் பெயரில் புது லாக்புக் வந்ததும் நம்பரை முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுங்கள். பிறகு லாக்புக்கையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு பிளேட் அடிக்கும் கடைக்குப் போகலாம்.