முளைக்கும் முன்பே களையைத் தடுத்தல்: வீட்டுப் புல்தரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசியில் நல்ல மழை இரண்டு பெய்து ஓய்ந்த மறுவாரம், கொளத்தூர், மாதவரம், பெரம்பூர்ப் பக்கங்களில் வீட்டின் முன்புறம் புல்தரை வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரே கவலைதான். பாய் விரித்ததுபோல் இருந்த இடத்தில் கோரை நிமிர்ந்து நிற்கும். அதனடியில் கீழாநெல்லியும் அம்மான் பச்சரிசியும் மூக்கிரட்டையும் இடம் பிடித்திருக்கும். உடனே ஆள் வைத்துப் பிடுங்குகிறோம்; பதினைந்து நாளில் மீண்டும் அதே நிலைக்கு வந்துவிடுகிறது. பிடுங்கியவர் சரியாகப் பிடுங்கவில்லை என்று குறை சொல்வது வழக்கம். ஆனால் இந்தக் களைக்கு இடம் கொடுத்த தவறுகள் பெரும்பாலும் மழைக்கு முன்பே, களை கண்ணுக்குத் தெரியாத மாதங்களிலேயே நடந்து முடிந்திருக்கின்றன. என் வீட்டின் 400 சதுர அடிப் புல்தரையில் அவற்றில் பலவற்றை நானும் செய்து, அவற்றின் விளைவை ஆண்டுக்கணக்கில் அனுபவித்தபின்பே இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, குளிர்நாட்டு நாட்காட்டியை அப்படியே பின்பற்றுவது. அங்கே குளிர்காலம் முடிந்து மண்ணின் வெப்பம் ஏறக்குறைய 13 டிகிரி செல்சியஸை எட்டும்போது களை விதைகள் முளைக்கத் தொடங்குவதால், இளவேனிலில் களைத்தடுப்பைச் செய்துவிட வேண்டும் என்று அந்நாட்டுக் குறிப்புகள் சொல்கின்றன. சென்னையிலோ தை மாத இரவுகளில்கூடக் காற்றின் வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். மண் அந்த அளவுக்குக் குளிர்வதே இல்லை. இங்கே விதையை எழுப்புவது ஈரம். நகரத்தின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ஜூன் தொடங்கி மாலை வேளைகளில் வரும் இடிமழையும் ஒரு சுற்று விதைகளை முளைக்க வைக்கும். ஆகவே நம் புல்தரைக்கு ஆண்டில் இரண்டு கெடு உண்டு: வைகாசி முடிவதற்குள் ஒன்று, புரட்டாசி நடுப்பகுதிக்குள் இன்னொன்று. மண் பரப்புவது, வெற்றிடங்களில் புல் நடுவது, ஓரங்களைச் சுத்தம் செய்வது ஆகிய எல்லாம் இந்தக் கெடுவுக்குள் முடிந்திருக்க வேண்டும். தீபாவளி முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்களே நம்மில் அதிகம். தீபாவளிக்குள் களை நான்கு இலை விட்டிருக்கும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. வடசென்னையில் அது வீட்டுக்கு வீடு நடக்கிறது. சாலையை ஒவ்வொரு முறை புதிதாகப் போடும்போதும் அது உயர்கிறது, வீடு தாழ்ந்துபோகிறது. மழைநீர் உள்ளே வராமலிருக்க வாசலை உயர்த்த ஒரு லோடு சவுடு மண் இறக்குகிறோம். சவுடு என்பது பெரும்பாலும் ஏரிப் படுகையிலிருந்து வெட்டி எடுக்கப்படும் மண். ஏரியில் நீர் வற்றும் காலத்தில் அங்கே வளர்ந்து, பூத்து, காய்த்து உதிர்ந்த செடிகளின் விதைகளும் கோரைக்கிழங்குகளும் அந்த மண்ணோடு சேர்ந்து லாரியேறி நம் வாசலுக்கு வருகின்றன. அந்த மண்ணின் மேலேயே புல்லை நட்டுவிட்டால், களையைக் காசு கொடுத்து வாங்கி நாமே விதைத்ததாகிறது. என் வாசலில் அப்படி நட்ட இரண்டாம் மாதம், தோட்ட வேலைக்கு வந்த பெரியவர் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது மண்ணு இல்ல, கோரை நாத்தாங்கால்" என்றார். அவர் சொன்னது அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு உண்மையாக இருந்தது.

மண் வாங்கும் முன் ஒரு எளிய சோதனை செய்யலாம். இறக்கப்போகும் மண்ணில் இரண்டு கூடை மட்டும் முதலில் கேட்டு வாங்கி, அகலமான தொட்டியில் பரப்பி, வெயிலில் வைத்து, இருபது நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், அதில் என்ன இருக்கிறது என்பது முளைத்தே தெரிந்துவிடும். கோரை இரண்டு முளைத்தாலும் அந்த மண் புல்தரையின் மேற்பரப்புக்கு ஆகாது. கட்டடத்தின் அடியில் நிரப்பப் பயன்படுத்தட்டும். மட்காத மாட்டுச் சாணமும் இதே வகையைச் சேர்ந்ததுதான். மாடு தின்ற பல களைகளின் விதைகள் அதன் வயிற்றில் செரிக்காமல் உயிரோடு வெளிவருகின்றன. மாதவரம் பால்பண்ணைப் பக்கம் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பச்சைச் சாணத்தை அள்ளிவந்து போடக் கூடாது. உரக்குவியலின் உட்புறம் பல நாட்கள் 55 டிகிரிக்கு மேல் சூடேறி, கிளறிவிடப்பட்டு, மீண்டும் சூடேறினால்தான் பெரும்பாலான விதைகள் சாகும். மொட்டைமாடியில் சிறு தொட்டியில் செய்யும் உரம் அந்தச் சூட்டை எட்டுவது அரிது என்பதால், விதை பிடித்த களையை அதில் போடுவதும் தவறு. பாயாகச் சுருட்டி விற்கப்படும் புல்லை வாங்கும்போதும் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். கறுத்த, கொட்டைபோன்ற, கசக்கினால் மணம் வீசும் சிறு கிழங்குகள் தென்பட்டால் அதை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

புதிதாகப் புல்தரை போடுகிறவர்கள் செய்யும் அவசரமும் இங்கே சொல்லத்தக்கது. மண்ணைச் சமன்செய்த அன்றே புல் நட்டுவிடுகிறோம். அதற்குப் பதிலாக, சமன்செய்த வெற்று மண்ணுக்கு இரண்டு வாரம் தண்ணீர் விட்டு, முளைக்கக்கூடியதை எல்லாம் முளைக்கவிட்டு, அவை இரண்டு மூன்று இலை விடும் பருவத்திலேயே மண்ணை ஆழமாகக் கிளறாமல் மேலாகச் செதுக்கி எடுத்துவிட வேண்டும். இதை இரண்டு முறை செய்தால் மேல்மண்ணில் உள்ள விதைச் சேமிப்பு கணிசமாகக் குறையும். ஆழமாகக் கொத்துவது ஏன் கூடாது என்றால், பல களை விதைகள் மிகச் சிறியவை. முளைக்க அவற்றுக்கு வெளிச்சம் வேண்டும். அடியில் இருட்டில் உறங்கும் விதையை மேலே கொண்டுவருவது மண்வெட்டிதான்.

நம் வெயிலையே கருவியாக்கும் முறையும் உண்டு. சித்திரை, வைகாசியில், குறிப்பாக மே 4 முதல் 28 வரை நீளும் கத்திரி வெயிலையும் உள்ளடக்கி, நன்றாக நனைத்த மண்ணின் மேல் மெல்லிய பாலித்தீன் தாளை விரித்து, விளிம்புகளை மண்ணில் புதைத்து, நான்கு முதல் ஆறு வாரம் விட்டால், மேல்மண்ணின் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டி விதைகள் வெந்துபோகும். இதில் பலரும் செய்யும் பிழைகள் மூன்று: கறுப்புத் தாளை விரிப்பது, காய்ந்த மண்ணை மூடுவது, விளிம்பைச் செங்கல்லால் மட்டும் அழுத்தி விடுவது. ஒளி ஊடுருவும் தாளாக இருந்தால்தான் வெப்பம் மண்ணுக்குள் இறங்கும். ஈரம் இருந்தால்தான் அது ஆழத்துக்குப் பரவும். காற்று புகுந்தால் சேர்ந்த சூடெல்லாம் போய்விடும்.

ஆனால் கோரைக்கு இந்த முறை முழுத் தீர்வாகாது. ஒரு கிழங்கிலிருந்து தண்டு மண்ணுக்குள் ஓடி அடுத்த கிழங்கைக் கட்டும். இப்படிச் சங்கிலியாகக் கிழங்குகள் கிடக்கும்போது மேலே தெரியும் கோரையை வெறுமனே இழுத்துப் பிடுங்கினால், தண்டு அறுந்து, அடியில் உறங்கிய கிழங்குகள் புதிதாக முளைக்கின்றன. விதையைத் தடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை கிழங்கை ஒன்றும் செய்வதில்லை. நான் கண்டவரை பலன் தந்தது பொறுமை ஒன்றே: மழைக்குப் பிந்தைய ஈரத்தில் நீண்ட முனையுள்ள களைக்கொத்தால் கிழங்கோடு தோண்டி எடுப்பது, விடுபட்டது மீண்டும் தலைகாட்டினால், புதுக் கிழங்கு கட்டுவதற்குள், அதாவது இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, திரும்பவும் எடுப்பது. ஓராண்டு விடாமல் செய்தபின் என் புல்தரையில் கோரை ஓர் ஓரத்துக்கு ஒதுங்கியது.

புல்லை ஒட்ட வெட்டுவது அடுத்த தவறு. மாதம் ஒருமுறை வருகிற ஆளிடம், "நல்லா ஒட்ட வெட்டிடுங்க, அடுத்த மாசம் வரைக்கும் தாங்கணும்" என்று சொல்கிறோம். தரை தெரிய வெட்டினால் வெளிச்சம் நேரே மண்ணில் விழுந்து, காத்திருக்கும் விதைகளை எழுப்பிவிடும். புல்லின் வேரும் சுருங்கும். பெர்முடா என்று கடையில் விற்கப்படுவது நம் அருகம்புல்லின் இனமே; அதற்கு இரண்டரை முதல் நான்கு சென்டிமீட்டர் உயரம் போதும். எருமைப்புல்லை அதைவிட உயரமாக விட வேண்டும். எந்தப் புல்லானாலும் ஒரு முறையில் அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. பல வீடுகளுக்குச் சுற்றிவரும் வெட்டும் இயந்திரத்தை நம் வாசலில் இறக்கும் முன் அடிப்பாகத்தைத் துடைக்கச் சொல்வதும் அவசியம். அடுத்த தெருவின் விதைகள் அதில் ஒட்டிக்கொண்டு வருகின்றன.

தினமும் பைப் பிடித்து மேலாகத் தெளிப்பதும் அப்படித்தான். மேல் ஒரு விரற்கடை எப்போதும் ஈரமாக இருந்தால் விதைக்கு அது தினசரி மழை. வேரூன்றிய புல்லுக்கு வாரம் இரண்டு மூன்று முறை, ஐந்தாறு அங்குல ஆழம் நனையும்படி விட்டு, இடையில் மேற்பரப்பு காயவிட வேண்டும்.

களைக்கொல்லியைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. களை முளைக்கும் முன் இடுவதற்கென்று கடைகளில் அதிகமாகக் கிடைப்பது பெண்டிமெத்தலின். முளைக்கும் விதையின் வேர், குருத்து ஆகியவற்றில் செல்கள் பிரிவதை அது தடுக்கிறது. ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் களையை அது கொல்லாது. களை தெரிந்தபின் வாங்கிவந்து அடிப்பதால் பயனில்லை. தெளித்தபின் தண்ணீர் விட்டு மண்ணில் இறக்காவிட்டால் வெயிலில் சிதைந்து வீணாகும்; தெளித்தபின் மண்ணைக் கொத்தினால் மேலே படிந்த மருந்துப் படலம் குலைந்துவிடும்; புதிதாக நட்ட புல்லுக்கு அடித்தால் புல்லும் வேர்விடாது. பயிர்களுக்குச் சொல்லப்படும் அளவு 30 சதவீத மருந்தில் ஏக்கருக்கு ஒன்றிலிருந்து ஒன்றேகால் லிட்டர் என்று வைத்தால், 400 சதுர அடிக்கு வருவது 12 மில்லிலிட்டருக்கும் குறைவு. கண்மதிப்பில் ஊற்றுகிறவர்கள் அதைப்போல் பத்து மடங்கு ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் குறிப்பிடப்பட்ட பயிர்களுக்கு மட்டுமே அது அனுமதிக்கப்பட்டது என்பதால், தோட்டக்கலை அலுவலரைக் கேட்காமல் வீட்டு வாசலில் பயன்படுத்தக் கூடாது. இந்த மருந்து மீன்களுக்கு மிகக் கொடியது. பெருமழைக்கு முதல்நாள் அடித்தால் அது மழைநீர்க் கால்வாயில் இறங்கும். பெரம்பூர்ப் பக்கத்து நீர் ஓட்டேரி நல்லா என்ற ஓடை வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் கலக்கிறது. நீர்நிலைகளில் வலைவீசி வாழ்கிறவர்கள் நிறைந்த பகுதி இது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சிறிய வாசலுக்கு மருந்தே தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. கிளைபோசேட் முளைத்ததை எல்லாம், புல் உட்பட, கொல்வது. முளைப்பதை அது தடுக்காது. அதைப் பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளர்கள் மூலம் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் அறிவிக்கையும் வெளியிட்டது. உப்பைக் கரைத்து ஊற்றுவது இன்னும் மோசம்; திருவொற்றியூர், எண்ணூர் ஓரங்களில் ஏற்கெனவே உப்புக் காற்றும் உவர்நீரும் புல்லை வாட்டுகின்றன.

சுவரோரத்தையும் வாசலுக்கு வெளியே உள்ள சாலையோரத்தையும் மறந்துவிடுகிறோம். ஒரு பார்த்தீனியச் செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். அது பூக்கும் முன், கையுறை அணிந்து, வேரோடு எடுத்துவிட வேண்டும். வெறுங்கையால் தொட்டால் பலருக்குத் தோல் அரிப்பு வரும்.

மழைக்காலம் முடியும்போது, களிமண் பாங்கான கொளத்தூர், வியாசர்பாடிப் பகுதிகளில் நீர் தேங்கி நின்ற இடங்களில் புல் அழுகி வெற்றுத் திட்டுகள் தெரியும். அவற்றைப் பொங்கல் வரை அப்படியே விட்டால் பொன்னாங்கண்ணியும் கோரையும் அங்கே குடியேறிவிடும். நீர் வடிந்த வாரமே அந்தத் திட்டுகளைச் சற்று மேடாக்கி, உங்கள் புல்தரையின் நல்ல பகுதியிலிருந்தே உள்ளங்கை அகலத்துக்கு வேரோடு பெயர்த்த புல்துண்டுகளை அரை அடி இடைவெளியில் நட்டு, மிதித்து அழுத்தி, நீர் விடுங்கள். மாசிக்குள் அவை ஒன்றோடொன்று கைகோத்துவிடும்.