இலக்கு சிகிச்சை மாத்திரையும் சாப்பாட்டு நேரமும்: வீட்டில் செய்ய வேண்டியவை

அப்பாவுக்கு சிஎம்எல் வகை ரத்தப் புற்றுநோய். தினமும் இரண்டு வேளை நிலோடினிப் கேப்சூல், அதாவது புற்றுநோய் செல்லை வளரவைக்கும் புரதத்தைக் குறிவைக்கும் இலக்கு சிகிச்சை மருந்து. எவ்வளவு டோஸ் என்பது டாக்டர் வேலை. விழுங்க வைப்பது நம் வேலை, அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

1. டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை எடுங்கள். அடுத்த வீட்டுக்காரரின் அனுபவம் இங்கே உதவாது. அதே நோய்க்குத் தரும் இமாடினிபைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன் போட வேண்டும். நிலோடினிப் கேப்சூலோ வெறும் வயிற்றில். நுரையீரல் புற்றுநோய்க்கான ஒசிமெர்டினிப் எப்போது போட்டாலும் சரி.

2. கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள். எங்களைப் படுத்தியெடுத்தது இதுதான். நிலோடினிப் கேப்சூலுக்கு இரண்டு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் எதுவும் சாப்பிடக் கூடாது. இரண்டு வேளைக்கும் நடுவே சுமார் 12 மணி நேரம் வேண்டும். கொழுப்பான சாப்பாட்டுக்குப் பின் போட்டால் ரத்தத்தில் ஏறும் மருந்தின் அளவு சுமார் 80 சதவீதம் கூடிவிடும், இதயத் துடிப்பின் தாளம் கெடலாம். ஆரம்பத்திலேயே ஈசிஜி எடுப்பது அதனால்தான்.

காலை 7, மாலை 7 என்று வைத்தோம். காலை பிரச்சினையே இல்லை, தூக்கம் பார்த்துக்கொள்ளும். மாலை 5 மணிக்கு மேல்தான் சோதனை. மருந்துக்கென்று வரும் செயலிகள் எனக்குப் பிடிக்கவில்லை, ஒரே நச்சரிப்பு. சாதாரண போன் அலாரம் போதும். ஆனால் 7 மணிக்கு மட்டும் வைத்தால் பயனில்லை. 5 மணிக்கு "இனி தண்ணீர் மட்டும்", 8 மணிக்கு "சாப்பிடலாம்" என்று மொத்தம் மூன்று வையுங்கள். ஒரு பிஸ்கட், அரை டம்ளர் பால் எல்லாமே சாப்பாட்டுக் கணக்குதான்.

3. அசிடிட்டி மருந்து. பலர் இதை மருந்தாகவே எண்ணுவதில்லை, டாக்டரிடமும் சொல்வதில்லை. நிலோடினிப், டாசாடினிப் (இதுவும் சிஎம்எல் மருந்து), எர்லோடினிப் (நுரையீரல் புற்றுநோய் மருந்து) ஆகியவை கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும். ஆன்டாசிட் திரவம் என்றால் நிலோடினிபுக்கும் டாசாடினிபுக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டால் போதும். ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் வகை அப்படியல்ல. நாள் முழுக்க அமிலத்தை அடக்கி வைப்பதால் எவ்வளவு தள்ளிப் போட்டாலும் பயனில்லை. மாற்று என்ன என்று டாக்டரிடமே கேளுங்கள். கிரேப்ஃப்ரூட் பழமும் (ஆரஞ்சு வகை, திராட்சை அல்ல) மூலிகை மருந்துகளும்கூட அந்தப் பேச்சில் வரட்டும்.

4. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரட்டிப்பாக வேண்டாம். வாந்தி எடுத்தாலும் மறுபடி போட வேண்டாம், அடுத்த வேளைக்குக் காத்திருங்கள்.

5. மயக்கம், படபடப்பு, மூச்சுத்திணறல், காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனை. சொறி, வயிற்றுப்போக்குக்கு டாக்டருக்கு போன். நீங்களாகவே நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். குறைக்க வேண்டுமானால் அவரே குறைப்பார்.

பின்சேர்க்கை: விழுங்க முடியாதவர்களுக்குப் பொடித்துத் தரலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். கூடாது, தூள் கையில் படும், முக்கியமாகக் கர்ப்பிணிகள் அருகில் வரக் கூடாது. ஆனால் சில மாத்திரைகளுக்கு அனுமதித்த வழி உண்டு. ஒசிமெர்டினிபை 60 மி.லி. சாதாரண தண்ணீரில் போட்டுக் கலக்கி உடனே குடிக்கலாம், சோடா கூடாது. டம்ளரில் ஒட்டியிருப்பதையும் தண்ணீர் விட்டு அலசிக் குடித்துவிட வேண்டும்.