அனல்மின் நிலையக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் காற்றைப் பற்றிக் கேட்பது எப்படி?

நகரத்தை ஒட்டிப் புதிய அனல்மின் அலகு அமைப்பதென்றால், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுவாக மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். அதற்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பே நாளிதழ்களில் விளம்பரம் வரும். விளம்பரத்தைக் கண்டதும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்று சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் வரைவு அறிக்கையைக் கேட்டுப் படியுங்கள். தமிழ்ச் சுருக்கத்தோடு நின்றுவிட வேண்டாம். அட்டவணைகள் முழு அறிக்கையில்தான் இருக்கும்.

காற்றுத்தர அளவீடு எந்த மாதங்களில் நடந்தது என்பதை முதலில் பாருங்கள். பெரும்பாலும் மழைக்காலம் தவிர்த்த ஒரே பருவத்தில்தான் அளந்திருப்பார்கள். சென்னைக்கு வடக்கே அனல்மின் நிலையங்கள் உள்ள எண்ணூரில் கோடையில் மட்டும் அளந்தால், வடகிழக்குக் காற்று புகையைச் சென்னை நகரத்தின் பக்கம் தள்ளும் மாதங்கள் கணக்கில் வராது. அடுத்து, திட்டத்தால் கூடும் மாசு என்று காட்டப்படும் சிறிய எண்ணைத் தனியாகப் படிக்காமல், ஏற்கெனவே உள்ள அளவோடு கூட்டிப் பாருங்கள். எண்ணூர் வட்டாரத்தில், வல்லூரில் 1,500 மெகாவாட், வடசென்னை நிலையத்தின் முதலிரண்டு கட்டங்களில் 1,830 மெகாவாட் என நிலக்கரி எரியும் இடத்தில், எல்லாப் புகைபோக்கிகளையும் சேர்த்துக் கணக்கிட்டார்களா என்று கேட்பது நியாயமே. பி.எம். 2.5 நுண்துகளுக்கு இந்தியாவின் ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்ததோ 5. ஆகவே 'வரம்புக்குள் உள்ளது' என்ற சொல்லை நுரையீரலுக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

அதிகம் வலியுறுத்த வேண்டியது, நிலக்கரி எரியும்போது வெளிவரும் கந்தக டை-ஆக்சைடு வாயுவைப் பற்றி. சாம்பலைப் பிடிக்கும் கருவி இந்த வாயுவைப் பிடிக்காது. அது வெளியேறி, காற்றிலேயே சல்பேட் நுண்துகளாக மாறி, வெகுதூரம் சென்று இதயநோய்க்கும் பக்கவாதத்துக்கும் வழிவகுக்கிறது. 2015 டிசம்பரில் இதற்கு வரம்பு விதித்த ஒன்றிய அரசு, கெடுவைப் பலமுறை தள்ளிவைத்து, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தகநீக்கக் கருவியிலிருந்து விலக்கே அளித்துவிட்டது. உயரமான புகைபோக்கி போதும் என்ற வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. அது மாசைக் குறைப்பதில்லை, பரப்புகிறது. எனவே இந்த அலகில் கந்தகநீக்கக் கருவி முதல் நாளிலிருந்தே இயங்குமா என்றும், சல்பேட் துகள்கள் கணிப்பில் சேர்க்கப்பட்டனவா என்றும் கேளுங்கள். சுற்றுவட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களின் மூச்சுக்கோளாறு பதிவுகளையும் ஆராயச் சொல்லுங்கள்.

மேடையில் பேசக் கிடைப்பது சில நிமிடங்களே என்பதால், கேள்விகளை எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பு வாசிக்கப்படும்போது உங்கள் கேள்வி விடுபட்டிருந்தால், ஆட்சியர் கையெழுத்திடும் முன்பே சேர்க்கச் சொல்லுங்கள்.