பெரியவரான பிறகு "எனக்கு ஆட்டிசம் இருக்குமோ" என்று தோன்றினால் என்ன செய்வது? தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து நம் ஆட்களுக்கு

முப்பது நாற்பது வயதுக்கு மேல் இந்தக் கேள்வி வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பல பேருக்குப் பிள்ளையைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போன இடத்தில், அந்தப் படிவத்தைப் படிக்கப் படிக்க "இது என்னைப் பற்றியல்லவா இருக்கிறது" என்று உறைக்கிறது. சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நாம் வளர்ந்த காலத்தில் யாரும் இதை யோசிக்கவில்லை. பேசாமல் இருந்தால் கூச்ச சுபாவம், கல்யாண வீட்டில் மூலையில் உட்கார்ந்தால் திமிர், சோறும் குழம்பும் ஒட்டக்கூடாது என்று அடம்பிடித்தால் செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளை, அவ்வளவுதான்.

முதலில், டாக்டர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 என்ற மனநலக் கையேடு (2013இல் வந்தது, முன்பு ஆஸ்பெர்கர் என்று தனிப் பெயரில் சொன்னதையும் ஆட்டிசத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டது) இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது. ஒன்று, மற்றவர்களோடு பேசிப் பழகுவதில் உள்ள சிரமம். இன்னொன்று, ஒரே மாதிரி நடக்க வேண்டும் என்ற பிடிவாதம், ஒரே விஷயத்தில் ஆழ்ந்து போவது, திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள், சத்தம் வெளிச்சம் வாசனை எல்லாம் அளவுக்கு மீறி உறுத்துவது அல்லது உறைக்காமலே போவது, இந்த நான்கில் குறைந்தது இரண்டு. முதலாவதும் இரண்டாவதும் இரண்டுமே வேண்டும், சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கவும் வேண்டும். வெளியே தெரியாமல் சமாளித்து வந்திருக்கலாம் என்பதையும் அந்தக் கையேடே ஒத்துக்கொள்கிறது.

அப்புறம் ஒரு நோட்டு எடுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் மிக முக்கியமான வேலை. "எனக்குச் சத்தம் பிடிக்காது" என்று எழுதினால் பயனில்லை, அது யாருக்கும் பொருந்தும். "தைப்பூசக் காவடியில் மேளம் கிட்டே வந்ததும் காரில் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன், அன்று ராத்திரி வரை யாரிடமும் பேச வராது" என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். எவ்வளவு நேரம் தாங்கினீர்கள், அதற்குப் பிறகு உடம்பும் மனசும் என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஏனென்றால் வெளியே நன்றாகச் சமாளிப்பவர்கள் கொடுக்கும் விலை வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். போன் பண்ணுவதற்கு முன் பேச்சை ஒத்திகை பார்ப்பது, மற்றவர்கள் சிரிக்கும்போது பார்த்துச் சிரிப்பது போன்றவையும் கணக்கில் சேரும். பெண்கள் இப்படி மறைத்தே பழகியதால் பலர் கண்ணில் படாமலே போயிருக்கிறார்கள்.

சின்ன வயதுக் கதைக்கு அம்மாவையோ பெரியம்மாவையோ கேட்க வேண்டியிருக்கும். நேராக "அம்மா, எனக்கு ஆட்டிசமா?" என்று கேட்காதீர்கள், தன் வளர்ப்பைக் குறை சொல்வதாக எடுத்துக்கொண்டு "உனக்கு ஒன்னும் இல்ல" என்று முடித்துவிடுவார்கள். "நான் எப்பம்மா பேச ஆரம்பிச்சேன்? பிள்ளைகளோட விளையாடினேனா, தனியாவா? புதுச் சட்டை போட்டா அழுவேனா?" என்று ஒவ்வொன்றாக, சமைக்கும் நேரத்தில் பக்கத்தில் நின்று கேளுங்கள். ஆயா, அதாவது பாட்டி, இருந்தால் இன்னும் நல்லது. பழைய ஸ்கூல் ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுங்கள், டீச்சர் ஒரு வரியில் எழுதிய குறிப்பு பெரிய உதவியாக இருக்கும். கேட்க யாரும் இல்லையென்றால் அண்ணன், அக்கா, பக்கத்து வீட்டில் கூட வளர்ந்தவர் யாராவது போதும்.

இன்டர்நெட் டெஸ்டுகள் சரி, எழுதிப் பாருங்கள், ஆனால் அதையே தீர்ப்பாக எடுக்காதீர்கள். 2001இல் கேம்பிரிட்ஜில் வந்த ஏக்யூ என்ற ஆட்டிசம் கேள்வித்தாளில் 50 கேள்விகள், 32ஓ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும் என்பார்கள். அந்த முதல் ஆய்வில் ஆட்டிசம் உள்ளவர்களிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் 32ஐத் தொடவில்லை. அதனால் மதிப்பெண் குறைந்தது என்பதற்காகக் கேள்வியை மூடிவைக்க வேண்டாம். பதற்ற நோய், ஏடிஹெச்டி என்ற கவனக் குறைபாடு, பழைய மனக்காயம் எல்லாம் இதே மாதிரி தோன்றலாம், ஆட்டிசத்தோடு சேர்ந்தும் வரலாம். பிரித்துப் பார்க்க விஷயம் தெரிந்த ஆள் வேண்டும்.

அந்த ஆள் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (உளவியல் நிபுணர்) அல்லது சைக்கியாட்ரிஸ்ட் (மனநல டாக்டர்). பலர் பிள்ளைகளை மட்டும்தான் பார்க்கிறார்கள், அதனால் நேரம் வாங்கும் முன்பே போனில் கேட்டுவிடுங்கள்: பெரியவர்களைப் பார்ப்பீர்களா, எத்தனை தடவை வர வேண்டும், மொத்தம் எவ்வளவு ரேண்ட், எழுத்தில் ரிப்போர்ட் உண்டா, மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்பில்) எவ்வளவு கிடைக்கும். அவர் பெயர் ஹெச்பிசிஎஸ்ஏ என்ற மருத்துவத் தொழில் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே பார்க்கலாம். மெடிக்கல் எய்ட் இல்லையென்றால் பக்கத்து கிளினிக்கில் தொடங்கி, ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் கடிதம் கேளுங்கள், காத்திருக்க வேண்டிவரும். யாரிடம் போவது என்றே தெரியாவிட்டால் ஆட்டிசம் சவுத் ஆஃப்ரிகா அமைப்பைக் கேட்டுப் பாருங்கள். இதற்கிடையில் மனசு ரொம்ப இருண்டால் காத்திருக்காதீர்கள், சாடாக் என்ற மனநல அமைப்பின் இலவச போன் லைனில் அன்றைக்கே பேசுங்கள்.

போகும்போது நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள், வாய் அடைத்துப் போனால் அதையே நீட்டலாம். ரிப்போர்ட் வந்ததும் ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வேலை இடத்தில் சொல்வதும் உங்கள் விருப்பம்தான், ஆனால் ஆட்டிசம் உங்கள் வேலையைக் கணிசமாகப் பாதிக்கிறது என்றால், 1998ஆம் ஆண்டின் எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி (வேலையில் சமத்துவம்) சட்டத்தின் கீழ் நியாயமான மாற்றங்களைக் கேட்க வழி இருக்கிறது: அமைதியான மேசை, வாயால் சொல்வதற்குப் பதில் எழுத்தில் உத்தரவு, இப்படி. காதுக்கு அடைப்பான் வைத்துக்கொள்வதற்கும், கல்யாணத்தில் சாப்பிட்டதும் கிளம்புவதற்கும் எந்த ரிப்போர்ட்டும் தேவையில்லை, இந்த வாரமே தொடங்கலாம்.