தொட்டி பேசியது, ஐபோன் கேட்கவில்லை
கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் கைப்பேசியில் பார்க்க, ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையுடன் எச்.சி-05 புளூடூத் பலகையை இணைத்திருந்தேன். என் ஆண்ட்ராய்டில் இணைப்புக் கடவுஎண்ணாக 1234 கொடுத்ததும் எண்கள் ஓடின. அக்காவின் ஐபோனிலோ அதன் பெயரே தென்படவில்லை. "உன் கருவிக்கு என்னைப் பிடிக்கவில்லை, தம்பி" என்றார்.

பழுது ஒன்றும் இல்லை. எச்.சி-05 பழைய வகைப் புளூடூத். தரவை பிட் பிட்டாக வரிசையில் அனுப்பும் அந்தவகைத் தொடர் இணைப்பை ஆப்பிளின் உரிமம் பெற்ற கருவிகளுக்கு மட்டுமே ஐபோன் திறந்துவிடுகிறது. குறைந்த மின்செலவுப் புளூடூத்துக்கு இந்தக் கெடுபிடி கிடையாது. எனவே ஜாலான் பாசார் கடைத்தெருவில் அந்தப் புது வகையைச் சேர்ந்த எச்.எம்-10 பலகையை வாங்கி மாட்டினேன். அதே நான்கு கம்பிகள், நொடிக்கு அதே 9600 பிட் வேகம். ஆனால் அதன் உள்வாங்கும் முனை 3.3 வோல்ட்டுக்கானது; ஊனோ அனுப்புவதோ 5. இடையில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் மின்தடைகளை வைத்துக் குறைத்தேன். பலர் நேரடியாகவே கொடுக்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை.

கைப்பேசியின் அமைப்புகளில் தேடி இணைக்க வேண்டியதில்லை, செயலிக்குள்ளேயே தரவு வந்துபோகும் வழியான எஃப்.எஃப்.ஈ.1 என்ற பண்பைத் (characteristic) தேர்ந்தெடுத்தால் போதும். ஒரு தடவைக்கு 20 பைட்டுதான் போகும் என்பதால், "தொட்டியில் இவ்வளவு தண்ணீர்" என்ற அலங்காரமெல்லாம் விட்டு, வெறும் சதவீத எண்ணை மட்டும் அனுப்புகிறேன்.